இன்னும் ஒரு படி குறைத்து

ஒலிநூல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நூலை எழுதியவரைக் குறிப்பிடுவார்கள், வாசித்தவரைக் குறிப்பிடுவார்கள், கண் தெரியாமல் அதைக் கேட்கிறவரையும் உருக்கமாக ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுவார்கள். அதே அறையில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்து, தனக்காக வாசிக்கப்படாததைக் கேட்க நேர்ந்தவளை எவரும் குறிப்பிடுவதில்லை. நானும் குறிப்பிட்டதில்லை. இத்தனைக்கும், விடுபட்டவர்கள் யார் யார் என்று மேடை மேடையாகப் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். பார்வையற்றவர் என்றாலே உங்களுக்கெல்லாம் ரயிலில் பாடுகிற ஆண்தான் நினைவுக்கு வருகிறான், பெண் ஏன் வருவதில்லை என்று குரலை உயர்த்திக் கேட்டவள். என் பேச்சு எதிலும் அண்ணன் மனைவி தவமணி வந்ததில்லை. வயதில் என்னைவிட இளையவள், முறையில் மூத்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அவள் என் அறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

பாடத்தைப் பதிவு செய்யக் கருவியை அழுத்தியாயிற்று. சின்னதாக ஒரு கூவல் கூவிவிட்டு அது ஓட ஆரம்பித்துவிட்டது. மடிக்கணினி இன்னும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில், குரலைத் தாழ்த்தி, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற தொனியில் அண்ணி சொல்கிறாள்: “ஜெயசீலி பாத்து வச்சிருக்கிற ரூம்ல வெந்நி வருமான்னு நீ கேக்கவே இல்லையே, அரசி.” பிறகு இயந்திரம் பேசத் தொடங்கிவிட்டது. ரயத்துவாரி முறை, முன்னுரை, அரசு இடைத்தரகர் இன்றி உழவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் ஏற்பாடு. என் விரல் விசையின்மேல் அப்படியே நிற்கிறது. ஜெயசீலி. இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அண்ணனிடம் சொன்னதில்லை, தினமும் கல்லூரிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரரிடம் சொன்னதில்லை, தூக்கத்தில் உளறுகிற வழக்கமும் எனக்கில்லை. அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் வந்தது ஒரே வழியாகத்தான், மடிக்கணினி எனக்கு வாசித்துக் காட்டும் செய்திகளின் வழியாக. அந்த வழியை நான் அடைத்து வைத்திருக்கிறேன், பூட்டுப் போட்டு அல்ல, வேகத்தால். கண்ணுள்ளவர்கள் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்கிறார்கள், நாங்கள் காதால் மேய்கிறோம். மனிதர் பேசும் வேகத்தில் இயந்திரம் வாசித்தால் எனக்குத் தூக்கம் வரும். கல்லூரி நாளிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே வந்து, இப்போது அது வாசிப்பது பிறர் காதுக்குத் தமிழாகவே இல்லை. தகர டப்பாவில் உளுந்தைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறதாம். அண்ணன் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருக்கிறான், விருந்தாளிகளைக் கூட்டிவந்து கேட்க வைப்பான், அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது எனக்கு ஒரு கடிதத்தை வாசித்து முடித்திருக்கும். கூடத்தில் பத்துப் பேர் இருக்கையில் பக்கத்தில் இருந்தபடியே எனக்கு மட்டும் ஒரு தனியறை. மனிதர்கள் எல்லோருமே எனக்கு இழுத்து இழுத்துப் பேசுகிறவர்கள்தான். எங்கள் கல்லூரி முதல்வர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதை அவர் முடிக்கக்கூடிய எல்லா விதங்களையும் நான் யோசித்துச் சலித்திருப்பேன். காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாமே என்று கேட்பார்கள். காதை அடைத்துக்கொண்டால் அறைக்குள் யார் வந்தார்கள், யார் என் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். காதைத் திறந்து வைத்துக்கொண்டேன், திரையின் ஒளியை அடியோடு அணைத்து வைத்தேன், மூடியைப் பாதி சாத்தி வைத்தேன். எல்லாம் செய்தேன். தரையில் உட்கார்ந்திருப்பவளை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அடுப்படி ஸ்டூலுக்குக் காது இருக்குமென்று யாராவது நினைப்பார்களா.

நாளைக் காலை. நாளைக் காலை நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். வழக்கம்போல ஆட்டோ வரும், வழக்கம்போல அண்ணன் என் முழங்கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைப்பான், தெருமுனை திரும்பியதும் நான் கல்லூரிக்கு வேண்டாம், பேருந்து நிலையத்துக்கு விடுங்கள் என்று சொல்வேன். அங்கே ஜெயசீலி நிற்பாள். ஜெயசீலி என்னுடன் முதுகலை படித்தவள், இப்போது திருச்சியில் பள்ளி ஆசிரியை. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் எனக்கு வேலை கிடைத்திருப்பதும், நாளை மறுநாள் நான் போய்ச் சேர வேண்டும் என்பதும், பெண்கள் விடுதியில் கீழ்த்தளத்தில் அறை பிடித்திருப்பதும் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இந்த நிமிடம் வரை நம்பியிருந்தேன். அண்ணனுக்குத் தெரிந்தால் அவன் அடிக்க மாட்டான், கத்த மாட்டான், அதெல்லாம் செய்கிறவனாக இருந்தால் எனக்கு எத்தனை வசதி, போலீசுக்காவது போகலாம். அவன் தொலைபேசியை எடுப்பான். முன்பு ஒருமுறை வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள், நான் குளித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்கு உடம்பு முடியவில்லை, வருகிற மாதிரி இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். நான் ஈரத்தலையோடு வந்து நின்றபோது அதை அவனே என்னிடம் சொன்னான், வாசலில் வந்த பிச்சைக்காரனை அனுப்பிவிட்டு வந்தவன் மாதிரி நிம்மதியாகச் சொன்னான். உனக்கென்ன குறை இங்கே, நான் இருக்கிற வரைக்கும் நீ எதற்கு ஊர் ஊராகத் தடுமாற வேண்டும். என் முழங்கையில் அவன் கட்டைவிரலுக்கென்று ஒரு இடம் இருக்கிறது, சதை அங்கே கொஞ்சம் உள்வாங்கிப் பழகியிருக்கிறது. என் கைத்தடி பையின் அடியில் மடிந்து கிடக்கிறது, நான் இருக்கும்போது கம்பு எதற்கு என்பான், நாலு பேர் பார்த்தால் நான் உன்னைக் கவனிக்கவில்லை என்று நினைக்க மாட்டார்களா. அன்புதான். அன்பில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆறு வயதில் தட்டம்மை என் கண்ணை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அவன் என் முழங்கையை விட்டதில்லை, அதுதான் புகார். இன்று இரவுக்குள் அவனுக்குத் தெரிந்தால் நாளைக்கு அந்த விரல் ஆட்டோ வரைக்கும் வரும், ஆட்டோவுக்குள்ளும் ஏறும், கல்லூரி வாசலில் இறங்கும். திருச்சிக்கு ஒரு அழைப்பு போகும். தங்கச்சிக்கு உடம்பு முடியவில்லை.

இயந்திரம் முதல் பத்தியை முடித்துவிட்டது. இங்கே நான் விளக்கம் சொல்ல வேண்டும். நான் செய்யும் பதிவுகள் அப்படித்தான். பாடத்தை இயந்திரம் வாசிக்கும், கடினமான இடத்தில் நிறுத்தி என் குரலில் நான் சொல்வேன், அதனால் பதிவுக் கருவியின் காது கடைசி வரை திறந்தே இருக்கும், அதனால் பதிவு முடியும் வரை இந்த வீட்டில் யாரும் அசையக்கூடாது. அது இந்த வீட்டின் சட்டம், நான் போட்டது, நான் போட்டு இங்கே செல்லுபடியான ஒரே சட்டம். மின்விசிறி ஓடாது. என் அறைக்கதவின் கீல் கிரீச்சிடும் என்பதால் பதிவு முடிகிற வரை யாரும் திறக்க மாட்டார்கள். அண்ணன் கூடத்தில் தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிட்டு ஊமைக் கிரிக்கெட் பார்ப்பான், அந்தத் தியாகத்தை வாரம் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். அண்ணி இங்கே உட்காரலாம், ஏனென்றால் இந்த அறையில்தான் பிற்பகலில் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். ஆனால் அவரைக்காய் ஒடிக்கக்கூடாது, பூண்டு உரிக்கலாம், கீரை உருவலாம், வளையல்களை முழங்கை வரை ஏற்றி இறுக்கிக்கொள்ள வேண்டும். கூவல் கேட்டதும் வளையல்கள் ஏறுகிற சத்தம் கேட்கும், பிறகு ஒன்றும் கேட்காது. இப்போதும் கேட்கவில்லை. காம்பிலிருந்து இலை கழல்கிற அந்த மெல்லிய சரசரப்பு மட்டும், விட்டு விட்டு. விளக்கம் சொல்ல வாயைத் திறக்கிறேன், பட்டா என்றால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான சான்று என்கிறேன், என் குரல் எனக்கே கூழாக ஒலிக்கிறது. ஆக, இந்தப் பதிவு முடிகிற கணத்தில் என்ன நடக்கும். அண்ணி எழுந்திருப்பாள், கதவு கிரீச்சிடும், கூடத்தில் அண்ணன். அவ்வளவுதான் தூரம். இந்தப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிற வரை அவள் இங்கே இருப்பாள், எழ மாட்டாள், நான் போட்ட சட்டம் அவளைத் தரையோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. பாடத்தை நீட்ட முடியாது, அச்சடித்தது அச்சடித்ததுதான். வேகத்தைக் குறைக்கலாம். குறைக்கிறேன். ஒரு படி. குறைத்ததை அது ஒரு எண்ணாக அறிவிக்கிறது, பிறகு வெட்டிவிடலாம். இரண்டாவது பத்தி, சற்று நிதானமாக, பெரிய மனிதர் திருமணத்துக்கு வந்தது போல நடக்கிறது.

எப்படித் தெரிந்தது. திரையைப் பார்த்திருக்க முடியாது, திரை இருட்டு. ஜெயசீலி சொல்லியிருக்க முடியாது, அவளுக்கு அண்ணியின் எண் தெரியாது, தெரிந்தாலும் அவள் செத்தாலும் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் கைப்பேசி. அண்ணி கைப்பேசியில் என் வெட்டுக்கிளியைப் பதிவு செய்திருப்பாள், சமையலறையில் போய் மெதுவாக ஓடவிட்டுக் கேட்டிருப்பாள், இப்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள்கூடப் பாட்டை மெதுவாக்கிப் பாடி விளையாடுகிறார்கள். அண்ணன் சொல்லிச் செய்தாளா. அதுதானே கேள்வி. அண்ணன் சொல்லிச் செய்திருந்தால் எல்லாம் முன்பே முடிந்துவிட்டது, அவன் ஏற்கெனவே தொலைபேசி எடுத்துவிட்டான், கூடத்தில் இருக்கும் அமைதி கிரிக்கெட் அமைதி இல்லை. காதைக் கூர்மையாக்குகிறேன். சோபாவின் ஸ்பிரிங் ஒரு தரம் முனகுகிறது. எதையோ மெல்லுகிற சத்தம், நிலக்கடலை. கிரிக்கெட்தான். இன்னும் ஒரு படி குறைக்கிறேன். பயிர் விளையாத ஆண்டிலும் தீர்வை குறைக்கப்படவில்லை என்று இயந்திரம் ஒவ்வொரு சொல்லையும் கழுவி வைப்பது போல வைக்கிறது. வியர்வை முதுகெலும்பின் பள்ளத்தில் இறங்குகிறது, ஒரு சொல்லுக்கு ஒரு விரற்கடை. கைப்பேசி இல்லையென்றால். கைப்பேசி இல்லையென்றால் வேறு ஒரு வழிதான் இருக்கிறது, அதை நினைக்கவே என் மனம் கதவோரத்தில் நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறது. இவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் வீட்டில் இருக்கிற பிற்பகல்தோறும் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் நன்றாக விழுகிறது. முதல் நாளிலிருந்து என் இயந்திரம் என்ன வேகத்தில் பேசியதோ அந்த வேகத்தில்தான் இவள் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்கு மட்டும் வளர்ந்த காதா. எனக்குப் பழகியது இன்னொருத்திக்குப் பழகாதா. பழகியிருந்தால், பழகியிருந்தால், இந்த அறையில் என்னென்ன வாசித்தேன். நாவல்கள், அவை போகட்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகள், போகட்டும். மகளிர் மருத்துவர் எனக்கு அனுப்பிய அறிக்கை. பிரபாகரன். வேதியியல் துறைப் பிரபாகரன், எங்கே மழை பெய்தாலும் எனக்கு அதை எழுதி அனுப்புவார், தகரக் கூரையில் எப்படி, வாழை இலையில் எப்படி, கேட்டுக்கொள் என்று எழுதுவார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியையும் அதே வெட்டுக்கிளி வேகத்தில்தான் கேட்டேன், கேட்டுவிட்டு முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன், அண்ணி அப்போது எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்காத மோர். உப்புப் போட்டு, பெருங்காயம் போட்டு. அன்று ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. வெயில் என்று நினைத்தேன்.

இன்னும் ஒரு படி. இப்போது இது மரகதவல்லிக்கு ஏற்ற வேகம். அவள் என் மாணவி, போன ஆண்டு ஒரு விபத்தில் கண் போனவள், இந்தப் பதிவே அவளுடைய தேர்வுக்காகத்தான். மேடம், கொஞ்சம் மெதுவா வைங்களேன், எல்லாம் ஓடிப்போயிடுது என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுவாள், பழகிக்கொள், யாரும் உனக்காக மெதுவாக வர மாட்டார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் கறாராகச் சொல்வேன். இன்று அவளுக்கு யோகம். பயத்தில் பிறந்த தாராளம். அவளுக்குத் தெரியவா போகிறது. அப்புறம், ஜெயசீலிக்கு நான் எழுதியவை. நான் எழுதியதையும் அது திருப்பி வாசிக்குமே. அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பேன், பிழை இருந்தால் எனக்கு ஆகாது, பேராசிரியை அல்லவா. அண்ணனைப் பற்றி எழுதியது எல்லாம் நியாயம், ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். அண்ணியைப் பற்றி எழுதியது. எங்கள் வீட்டில் ஒரு குக்கர் இருக்கிறது, சேலை கட்டியிருக்கும், நேரத்துக்கு விசில் அடிக்கும், மற்றபடி உள்ளே ஒன்றும் கிடையாது என்று எழுதினேன். ஜெயசீலி சிரிப்புப் படங்களாக அனுப்பினாள், சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம் என்று இயந்திரம் அதையும் வாசித்தது. அண்ணி அப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், வாசனை நினைவிருக்கிறது. உரிக்கிற சத்தம் நின்றதா. நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பக்கம் கேட்கிற வழக்கமே எனக்கு இல்லை. அவள் அதைக் கேட்டிருந்தால் இன்று அவளுக்கு என்மேல் இரக்கம் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. எனக்கே வராது. வெந்நீர் வருமா என்று கேட்டாளே, அது கரிசனமா, கத்தியை எடுத்து மேசைமேல் வைப்பதா. இன்னும் ஒரு படி குறைக்கிறேன், இப்போது சொற்களுக்கு நடுவே ஆள் நடந்து போகலாம். நிலத்தின். உரிமையாளர். என்று. பதிவு. செய்யப்பட்டவரே. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவது போல. இந்த மந்த வேகத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு வதை, தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக இறக்குகிறான் யாரோ. அவளும் இதே வதையில்தான் இருக்கிறாளா. அவள் காதும் பழகியிருந்தால் அவளுக்கும் இது வதைதான். காம்பிலிருந்து இலை கழலும் சரசரப்பு இன்னும் கேட்கிறது. எத்தனை பெரிய கட்டு வாங்கினார்கள். ஒரு கட்டுக் கீரை இத்தனை நேரம் வராதே.

பாடம் முடிகிறது. பயிற்சி வினாக்களும் முடிந்துவிட்டன, நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவையும் வாசிக்க வைத்துவிட்டேன், யாரும் எந்தக் காலத்திலும் வாசிக்காத சொல்லடைவு. இனி குறைப்பதற்கு வேகம் இல்லை. பதிவுக் கருவி இன்னும் ஓடுகிறது. வாயால் கேட்க முடியாது, கதவு பலகைக் கதவு, அந்தப் பக்கம் நிலக்கடலை. புதிய பக்கம் ஒன்றைத் திறந்து தட்டச்சு செய்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா. பிறகு வேகத்தை ஏற்றுகிறேன், இறக்கிய படிகளையெல்லாம் ஒரே மூச்சில் ஏறி, என் வேகத்துக்கு, அதற்கும் மேலே ஒரு படி. கைப்பேசியில் பிடித்து வைத்து மெதுவாக்கிக் கேட்க இப்போது நேரமில்லை, புரிந்தால் இந்த இடத்தில் இந்தக் கணத்தில் புரிந்தாக வேண்டும். ஓடவிடுகிறேன். ஒரு தும்மல் அளவுகூட இல்லை அந்தச் சத்தம். சரசரப்பு நிற்கிறது. என் காது முழுக்க என் இரத்தம். பிறகு, தரையிலிருந்து, என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, மூச்சோடு மூச்சாக: “சொல்லியிருந்தா உங்கண்ணன் இந்நேரம் மேட்சா பாத்துக்கிட்டு இருப்பாரு.”

எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன, அழித்து அழித்துத் தட்டுகிறேன், எப்போதிலிருந்து என்று கேட்கிறேன், அதே வேகத்தில். “மழை பெஞ்சா ஒருத்தரு உனக்கு மெசேஜ் போடுவாருல்ல. அந்த மழையில இருந்து,” என்கிறாள். அதற்கு முன்பு ஒன்றும் புரியவில்லையாம், கூட்டத்தில் முன்னால் நிற்பவன் தலையை எட்டி எட்டிப் பார்ப்பது போல ஒரு சொல், இரண்டு சொல் பிடித்துக்கொண்டிருந்தாளாம், நான் நாவல்கள் வாசிக்கத் தொடங்கிய பிறகு கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்கிற ஆவலில் ஒரு நாள் முழுசாகவே காதில் விழுந்துவிட்டதாம். பிறகு சமையலுக்கு எழுந்துபோன நேரத்தில் நான் முடித்துவிட்ட நாவல்களுக்கு முடிவை அவளே யோசித்து வைத்துக்கொள்வாளாம். இதையெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது, குரலில் குற்றவுணர்வும் இல்லை, பெருமையும் இல்லை, தண்ணீர் வந்த நேரத்தைச் சொல்வது போலச் சொல்கிறாள். நான் இன்னும் எதையும் தட்டவில்லை. தட்ட வேண்டியது எதுவென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முந்திக்கொண்டு சொல்கிறாள்: “குக்கருக்கும் பொழுது போகணும்ல, அரசி.” காது மடல் எரிகிறது. அண்ணி என்று வாயால் சொல்லிவிட்டேன். அவள் உஸ் என்கிறாள், கருவி ஓடுது. பிறகு இன்னும் தாழ்த்தி, இத்தனை நாளும் எங்கோ வைத்திருந்து இப்போது எடுப்பது போல: “இந்த வெட்டுக்கிளிப் பெட்டிய வச்சிட்டுப் போ. உனக்கு அங்க வேற குடுப்பாங்க. எனக்கு யாரு குடுப்பா.” எந்தக் கட்டையை அமுக்கினால் எது ஓடும் என்று என் விரலைப் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறாளாம். “வேகத்துல மட்டும் கை வச்சிராத. மெதுவா ஓடுனா அவருக்கும் புரிஞ்சிரும்.”

இது பேரமா. பெட்டியைத் தந்தால் வாயை மூடிக்கொள்வேன் என்கிறாளா, அல்லது வெறுமனே கேட்கிறாளா, கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டால் அது பேரம் போலத்தான் ஒலிக்குமா. அந்தப் பெட்டியில் என் நூல்கள், நான் எழுதிய அத்தனையும், அந்த மழையெல்லாம். எடுத்துக்கொண்டு போவேன் என்று சொன்னால் கதவைத் திறக்க அவளுக்கு ஒரு கை போதும். நான் கட்டிய தனியறைக்குள் இவளும் குடியிருந்திருக்கிறாள், நான் காலி செய்துகொண்டு போகிறேன், இவள் இருக்கப்போகிறாள், இதில் யார் யாரிடம் கெஞ்ச வேண்டும் என்று எனக்கு ஓடவில்லை. சோபா ஸ்பிரிங் முனகுகிறது. பாதம் தரையில் உரசி வருகிற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு, கடலை வாசனைகூட வருகிறது போலிருக்கிறது. முடிஞ்சுதா, சத்தத்தையே காணோமே என்கிறான். வளையல்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்குகிற ஓசை, பதிவு முடிந்தால் மட்டும் கேட்கிற ஓசை. அண்ணி எழுந்து நிற்கிறாள். அவள் சேலை என் கையை உரசிக்கொண்டு கதவை நோக்கி நகர்கிறது. நான் விழுந்துகொண்டிருக்கிறேன், உட்கார்ந்தபடியே. “பாதிகூட ஆகலைங்க,” என்கிறாள் கதவுக்குள்ளிருந்தே, தினமும் பேசுகிற குரலில். “இப்ப நீங்க பேசுனதும் இதுல விழுந்திருச்சு, முதல்ல இருந்து எடுக்கணும். போயி மேட்சப் பாருங்க.” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, இந்த வீட்டில் ஒரு மனுசன் நிம்மதியா இருக்க முடியுதா என்ற முணுமுணுப்பு, பாதம் திரும்பிப் போகிறது, ஸ்பிரிங். அண்ணி மறுபடி தரையில் உட்கார்கிறாள். வளையல்களை ஏற்றிக்கொள்கிறாள். நான் குனிந்து கையை நீட்டி முறத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். கீரை எப்போதோ தீர்ந்திருக்கிறது. வெறும் காம்புகள், அவற்றையும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி நார் நாராக்கி வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை நான் போனேன். மடிக்கணினியை மேசைமேல், மூடி பாதி சாத்தியபடி, வேகத்தை மாற்றாமல் வைத்துவிட்டுப் போனேன். அன்று பதிவு செய்த பாடத்தின் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு மரகதவல்லிக்கு அனுப்பியிருந்தேன். முதன்முறையாக எல்லாம் புரிந்தது மேடம் என்று நன்றி சொன்னாள், தேர்விலும் தேறிவிட்டாள். ஜெயசீலியின் செய்திகளையும் மழையையும் அழித்துவிட்டு நூல்களை மட்டும் விட்டுவைத்தேன். மழை அண்ணிக்கு மனப்பாடம். உனக்கு முன்பே தெரியுமா என்று அண்ணன் அவளிடம் கேட்டானாம், தெரியாது என்றாளாம், அவன் உடனே நம்பிவிட்டானாம். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தவமணிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வெட்டுக்கிளி பிற்பகல்தோறும் கத்திக்கொண்டிருந்தது, தங்கையின் நினைவாக என் மனைவி அதை ஓடவிட்டு வைக்கிறாள் என்று அண்ணன் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் அது நின்றுபோயிற்று. பழுது பார்க்கக் கொடுத்தான், திரும்பி வரவில்லை. நான் புதிதாக ஒன்று அனுப்பினேன், அவளிடமிருந்து எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டான். கைப்பேசியே வாசிக்குமே என்று அவளிடம் சொன்னேன், கைப்பேசி அவர் கையில் இருக்கிறது என்றாள். என்னோடு வந்துவிடுங்கள் என்றும் சொன்னேன், வந்து என்ன செய்ய என்றாள். நான் மறுபடி வரச்சொல்லிக் கேட்கவில்லை. இப்போது சமையலறையில் பண்பலை வானொலி வைத்திருக்கிறாள். எல்லாரும் ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள் என்று, பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் நான் பேசும்போதெல்லாம் குறைப்படுகிறாள்.